பிரசங்கம் கூடாது என்றால் பள்ளி சேப்ளினுக்கு என்ன வேலை?

புதுவரவு:
வணக்கம். சபையில் இளைஞர் ஊழியம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது ஒரு பள்ளியில் சேப்ளின் வேலைக்கு, அதாவது பிள்ளைகளுக்கு ஆன்மிகத் துணையாக இருக்கும் வேலைக்கு, அழைத்திருக்கிறார்கள். எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், எந்த மதமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். முதல்வர் நல்ல மாதிரிதான். ஆனால் நேர்முகத்திலேயே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: பிரசங்கம் வேண்டாம், புத்தகம் கொடுக்க வேண்டாம், யாரையும் சபைக்குக் கூப்பிட வேண்டாம், பிள்ளைகளோடு இருந்தால் போதும்.

எனக்கு அதில் கோபம் இல்லை, குழப்பம்தான். அங்கே ஏற்கெனவே முறையாகப் படித்த மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். அவர் செய்வதையே நானும் செய்வதென்றால் அவரே என்னைவிட நன்றாகச் செய்வார். என்னை இந்த வேலைக்கு இழுத்துவந்ததே விசுவாசம்தான். அதைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ என்கிறார்களா? இந்தப் பணியில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர்:
நான் சேப்ளின் இல்லை, ஆசிரியை. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வகுப்பில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெரியும். ஆனால் பாடத்தை நிறுத்த முடியாது. மணி அடித்ததும் அடுத்த வகுப்பு. அவளிடம் போய்க் கேட்க நினைத்தாலும் அவளுடைய தேர்வுத் தாள் என் மேசையில் கிடக்கிறது என்பது அவளுக்கு நினைவிருக்கும். மார்க் போடாத, தண்டனை கொடுக்காத, வீட்டுக்குக் கடிதம் எழுதாத பெரியவர் ஒருவர் வளாகத்தில் வேண்டும். அது நீங்கள்தான்.

இன்னொன்று. ஆலோசகர் அறைக்குள் ஒரு பையன் நுழைந்தால் வெளியே நாலு பேர் பார்ப்பார்கள், ‘இவனுக்கு என்ன ஆச்சு’ என்று பேச்சு கிளம்பும். சேப்ளினோடு இடைவேளையில் மைதானத்தை ஒரு சுற்று நடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஏழாவது, எட்டாவது படிக்கிற பையன்கள் பெரியவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசவே மாட்டார்கள். பக்கத்தில் நடந்தால், கூடவே பந்தைப் பொறுக்கிப் போட்டால், அரை வாக்கியமாவது வெளியே வரும்.

மறுப்பாளன்:
மன்னிக்கவும், நான் வேறு பக்கம். மதம் இல்லாத பெற்றோர்களில் நானும் ஒருவன். டீச்சர் சொல்வது எல்லாம் சரி. ஆனால் அதைச் செய்ய ஏன் மதவாதி ஒருவர் வேண்டும்? நல்ல இளைஞர் நலப் பணியாளர் ஒருவர் போதாதா? ஆஸ்திரேலியாவில் இதே கதைதான். 2006-ல் பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு, பள்ளிகளுக்கு சேப்ளின் திட்டம் அறிவித்தது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் ரான் வில்லியம்ஸ் என்ற தந்தை வழக்குப் போட்டார். 2012-லும் 2014-லும் அந்த நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் அந்த நிதியைச் செல்லாது என்றது. பள்ளிக்குள் மதம் கூடாது என்று நீதிமன்றமே சொன்ன பிறகு என்ன விவாதம்?

சட்டம் படிப்பவள்:
அங்கேதான் இடிக்கிறது. அந்தத் தீர்ப்புகள் மதத்தைப் பற்றியவை இல்லை. வில்லியம்ஸ், அரசியலமைப்பின் 116-வது பிரிவையும் காட்டி வாதாடினார். மத்திய அரசுப் பதவிக்கு மதத் தகுதி கேட்கக்கூடாது என்கிற பிரிவு அது. பள்ளி சேப்ளின் மத்திய அரசின் பதவியில் இருப்பவரே இல்லை என்று சொல்லி நீதிபதிகள் எல்லாருமே அந்த வாதத்தைத் தள்ளிவிட்டார்கள். அவர் ஜெயித்தது வேறு காரணத்தால். நாடாளுமன்றச் சட்டத்தின் துணை இல்லாமல் மத்திய அரசு இப்படி நேரடியாகப் பணம் செலவழிக்க அதிகாரம் இல்லை என்பதுதான் 2012 தீர்ப்பு. அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், 2014-ல் இந்தத் திட்டத்துக்கு அதுவும் நிற்கவில்லை. அப்புறம் என்ன, அதே பணத்தை மாநில அரசுகள் வழியாக அனுப்பினார்கள், திட்டம் ஓடியது.

உங்கள் கேள்விக்கு அந்த நாட்டு அரசியலே மாறி மாறிப் பதில் சொல்லியிருக்கிறது. ஒரு கட்டத்தில் மதச்சார்பற்ற நலப் பணியாளரையும் அமர்த்தலாம் என்றார்கள், 2014-ல் சேப்ளின் மட்டும் என்றார்கள், 2023-ல் திட்டத்தின் பெயரையே மாணவர் நலத் திட்டம் என்று மாற்றி இருவரில் யாரையும் பள்ளியே தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் மதம் மாற்ற முயலக்கூடாது என்ற விதி எல்லாக் கட்டத்திலும் இருந்தது. புதுவரவு சகோதரியின் முதல்வர் சொன்னது புதிதில்லை.

மறுப்பாளன்:
தீர்ப்பைப் பற்றிச் சொன்னது புரிந்தது, நன்றி. என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. மதத்தைப் பேசக்கூடாத மதவாதி எதற்கு?

பழைய மணி:
இந்த வேலையிலேயே தலை நரைத்தவன் நான், இப்போது ஓய்வு. புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதோடு சரி.

புதுவரவு அம்மா, முதலில் ஒரு பெயர் சொல்கிறேன்: ஆன்டன் பாய்சன். அமெரிக்காவில் சபை ஊழியர். 1920-ல் அவருக்கே கடுமையான மனநோய் வந்து மருத்துவமனையில் அடைத்தார்கள். வெளியே வந்தவர், இறையியல் மாணவர்கள் புத்தகத்தை மட்டும் படித்தால் போதாது, துன்பத்தில் இருக்கிற மனிதர்களையும் ஒரு ஏட்டைப் படிப்பதுபோல் கவனமாகப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1925-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் உஸ்டரில் இருந்த மனநல மருத்துவமனைக்கு நாலு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். இன்று உலகம் முழுக்க சேப்ளின்களுக்குக் கொடுக்கிற களப் பயிற்சிக்கு அதுதான் ஆரம்பம்.

அந்தப் பயிற்சியில் வெர்பேட்டிம் என்று ஒரு சமாசாரம் உண்டு. ஒரு சந்திப்பு முடிந்ததும் இரண்டு பேரும் சொன்னதை, நினைவில் இருக்கிற வரை வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். ‘ம்’ என்றால் ‘ம்’ என்றே எழுத வேண்டும். பேசாமல் இருந்தால் அதையும் எழுத வேண்டும். பெயர், ஊர், அடையாளம் எதுவும் இருக்காது. பிறகு குழுவில் உட்கார்ந்து, எந்த இடத்தில் நீ அவரை விட்டுவிட்டு உன் பயத்தைப் பார்க்கப் போனாய் என்று அலசுவார்கள். மனுஷனை உரித்துவிடும்.

கீழே இருப்பது நான் பயிற்சிக்காகவே கட்டிய உரையாடல், நிஜப் பிள்ளை யாருடையதும் இல்லை.

மாணவன்: சும்மாதான் வந்தேன் சார்.
சேப்ளின்: சரி, உட்காரு.
மாணவன்: அடுத்தது பி.டி. போகப் பிடிக்கல.
சேப்ளின்: ம்.
மாணவன்: அப்பாவை மறுபடி ஆஸ்பத்திரில சேர்த்துட்டாங்க. இந்தத் தடவை அம்மா என்னைக் கூட்டிட்டுப் போகல.
சேப்ளின்: கூட்டிட்டுப் போகல.
மாணவன்: போன தடவை ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணேன், அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு. இந்தத் தடவை தூங்கிட்டேன்.
சேப்ளின்: (சிறிது நேரம் பேசவில்லை) நீ தூங்கினதாலதான் இப்படி ஆச்சுன்னு நினைக்கிறியா?
மாணவன்: (பதில் இல்லை. சட்டைப் பொத்தானைத் திருகுகிறான்.)

இங்கே நிறுத்திவிட்டு, அடுத்த வரியை எழுது என்பேன். புதியவர்களில் முக்கால்வாசிப் பேர் ‘கடவுள் எல்லாவற்றையும் நன்மைக்கே செய்வார்’ என்று எழுதுவார்கள். பையன் காதில் அது எப்படி விழும்? அப்பாவுக்கு நோய் வந்ததும் நன்மைக்கே. இன்னும் சிலர் ‘வா, இப்போதே ஜெபிக்கலாம்’ என்பார்கள். அப்பா பிழைப்பது ஜெபத்தின் அளவைப் பொறுத்தது என்று அவன் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிறான், நாம் அதற்கு முத்திரை குத்துகிறோம். இரண்டு பதிலும் பக்தியான பதில்தான், இரண்டும் அந்தப் பிள்ளையின் தலையில் இன்னொரு கல்லை வைக்கிறது.

நான் எழுதுவது இதுதான்: ‘நீ தூங்கினதுக்காக உங்க அப்பாவைத் தண்டிக்கிற கடவுளை எனக்குத் தெரியாதுப்பா. ரொம்பப் பயந்துட்ட, இல்ல?’ அப்புறம் பேசாமல் இருப்பது. அதுதான் கஷ்டமான பாகம்.

ஆலோசகர் அறை:
நான் பள்ளி மனநல ஆலோசகர். மத நம்பிக்கை எனக்குப் பெரிதாகக் கிடையாது. பழைய மணி ஐயா எழுதிய உரையாடலை வைத்தே மறுப்பாளனுக்குப் பதில் சொல்கிறேன்.

அந்தப் பையன் என் அறைக்கு வந்திருந்தால், நோய் எப்படி வருகிறது, நம் தூக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று விளக்கியிருப்பேன். அதுவும் வேண்டியதுதான். சின்ன வயதில் பிள்ளைகள் தங்கள் நினைப்பால் உலகம் நடக்கிறது என்று நம்புவது இயல்பு, அதைப் பொறுமையாகப் பிரித்துக் காட்ட வேண்டும். ஆனால் இவன் பயப்படுவது நோயைப் பார்த்து இல்லை, கடவுளைப் பார்த்து. ‘கடவுள் உன்மேல் கோபமாக இல்லை’ என்று நான் சொன்னால் ‘உங்களுக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்பான். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் கிடையாது. அவன் மரியாதை வைத்திருக்கிற அந்தப் பக்கத்திலிருந்தே ஒருவர் வந்து சொன்னால்தான் அவன் தோளில் இருக்கும் பாரம் இறங்கும்.

மதக் குற்ற உணர்ச்சியோடு வருகிற பிள்ளைகளை நான் சேப்ளினிடம் அனுப்புகிறேன். தூக்கமே இல்லாமல், சாப்பிடாமல், கையைக் கீறிக்கொண்டு வருகிற பிள்ளைகளை அவர் என்னிடம் அனுப்புகிறார். எங்கள் பள்ளியில் இது நன்றாகவே ஓடுகிறது.

மறுப்பாளன்:
‘அப்படிப்பட்ட கடவுளை எனக்குத் தெரியாது’ என்பதும் ஒரு பிரசங்கம்தானே! நாலு சொல்லில் அடங்கிய பிரசங்கம்.

பழைய மணி:
ஆமாம், இறையியல்தான். மறுக்க மாட்டேன். ஆனால் கடவுளை அந்த அறைக்குள் கொண்டுவந்தது பையன். அவன் கொண்டுவந்ததைத்தான் நான் தொட்டேன். அவன் ‘அப்பா ஆஸ்பத்திரியில்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் கடவுள் என்ற சொல்லே என் வாயில் வந்திருக்காது. அந்த எல்லை மயிரிழை அளவுதான், தெரியும். அதனால்தான் எழுதிக் கொண்டுவந்து பத்துப் பேர் முன்னால் அலசச் சொல்கிறோம்.

முன்னாள் மாணவி:
பேசாமல் படித்துக்கொண்டு போகலாம் என்றுதான் இருந்தேன். மேலே ‘வா, ஜெபிக்கலாம்’ என்று படித்ததும் எழுதத் தோன்றியது. பதினான்கு வயதில் அம்மா அப்பா பிரிந்தபோது எங்கள் பள்ளி சேப்ளினிடம் போனேன். ஆரம்பித்து இரண்டு வாக்கியம்கூட முடியவில்லை, என் தலைமேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். குடும்பம் ஒன்றுசேர வேண்டும் என்று ஜெபித்தார். வீட்டில் நடந்தது தெரிந்திருந்தால் அப்படி ஜெபித்திருக்க மாட்டார். அவர்கள் ஒன்றுசேரக் கூடாது என்பதுதான் என் கவலையே. அதைச் சொல்ல வந்தேன், சொல்ல இடமே கிடைக்கவில்லை. நல்ல மனிதர்தான். பிறகு நான் அங்கே போகவேயில்லை.

கணக்கு டீச்சர்:
முன்னாள் மாணவி, எழுதியதற்கு நன்றி டா. தொடுவதற்கு முன் கேட்க வேண்டும், ஜெபிப்பதற்கு முன்னும் கேட்க வேண்டும். கேட்டாலும் பெரியவர் கேட்டால் பிள்ளைகள் ‘சரி சார்’ என்றுதான் சொல்லும், அது சம்மதம் ஆகாது. எங்கள் பள்ளியில் சேப்ளின் தானாக ஜெபம் என்று ஆரம்பிக்கவே கூடாது. பிள்ளை கேட்டால் மட்டும்.

புதுவரவு:
இதைப் படித்து ரொம்ப நேரம் யோசித்தேன். வேறு மதத்துப் பிள்ளை என்றால்? ‘எனக்குத் தெரிந்த கடவுள்’ என்று நான் அவளிடம் எப்படிப் பேச முடியும்?

பிறை:
அஸ்ஸலாமு அலைக்கும். பல்கலைக்கழகம் ஒன்றில் முஸ்லிம் சேப்ளின் நான். பள்ளி அனுபவமும் கொஞ்சம் உண்டு.

பேச வேண்டாம், கேளுங்கள். ‘உங்க வீட்டுல இந்த மாதிரி நேரத்துல என்ன செய்வீங்க, என்ன சொல்லுவாங்க?’ இந்த ஒரு கேள்வி எனக்கு எத்தனையோ கதவைத் திறந்திருக்கிறது. பாட்டி சொன்ன பிரார்த்தனையைப் பிள்ளையே எடுத்துச் சொல்லும், தனக்கு எது ஆறுதல் என்பது அதற்கே தெரியும். நீங்கள் அந்த மதத்தில் பண்டிதராக வேண்டாம். அவர்கள் மதத்தில் நம்பகமான ஒருவரின் தொலைபேசி எண் உங்களிடம் இருந்தால் போதும். அந்த எண்களை முன்கூட்டியே, நிதானமாக இருக்கும்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டில் நின்றுகொண்டு தேடக்கூடாது.

அப்புறம் வேலையில் பாதி ஆன்மிகமாகவே தெரியாது. நோன்பு இருக்கிற பையனை அன்றைக்கு ஓட்டப்பந்தயத்திலிருந்து விடுவிக்கச் சொல்வது, தொழுகைக்கு ஒரு காலி அறை கேட்டு வாங்குவது, பண்டிகை நாளில் தேர்வு வைத்துவிட்டார்கள் என்றால் முதல்வரிடம் போய் நிற்பது. மாற்று மதத்து சேப்ளின் ஒருவர் இதை எனக்காகச் செய்தபோதுதான் நான் இந்த வேலைக்கே வரலாம் என்று நினைத்தேன்.

மறுப்பாளன் அண்ணனுக்கு ஒரு தகவல். நோயாளியைப் போய்ப் பார்க்காதவனிடம் மறுமையில் இறைவன் ‘நான் நோயுற்றிருந்தேன், நீ வரவில்லையே’ என்று கேட்பதாக எங்கள் ஹதீஸில் (நபிமொழியில்) உண்டு. மத்தேயு நற்செய்தியின் 25-ம் அதிகாரத்திலும் இயேசு கிட்டத்தட்ட அதையே சொல்கிறார். இரண்டிலும் கேள்வி, போய் என்ன போதித்தாய் என்பதில்லை. போனாயா என்பதுதான்.

மறுப்பாளன்:
பிறை, அது எனக்கும் பிடித்திருக்கிறது. எங்கள் பக்கத்திலும் இப்படி ஆட்கள் உண்டு என்று சொல்லிவிடுகிறேன். கிரெக் எப்ஸ்டீன் என்ற மனிதநேயவாதி, கடவுள் நம்பிக்கை இல்லாதவர், 2021-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக சேப்ளின்கள் எல்லாரும் சேர்ந்து அவரைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். நெதர்லாந்தில் ராணுவம், சிறை, மருத்துவமனை எல்லாவற்றிலும் மனிதநேய ஆன்மத் துணையாளர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் என் உண்மையான பயம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம். 2023-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அரசுப் பள்ளிகள் சேப்ளினை வேலைக்கு வைக்கலாம், ஆசிரியர் சான்றிதழ் எதுவும் தேவையில்லை, ஆலோசகர்களுக்கும் பயன்படுகிற பள்ளிப் பாதுகாப்பு நிதியிலிருந்தே சம்பளம் கொடுக்கலாம். அதாவது ஆலோசகர் அறைக்குப் பதிலாகவே பழைய மணி என்று ஆகிவிடும்.

பழைய மணி:
அந்த விஷயத்தில் நான் உங்கள் கட்சி. அந்த மாநிலத்து சேப்ளின்கள் நூறு பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு, ‘எங்களை இப்படிப் பள்ளிக்குள் விடாதீர்கள்’ என்று பள்ளி வாரியங்களுக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். மருத்துவமனையிலும் ராணுவத்திலும் வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சியின் அருமை தெரியும். நல்ல மனசு இருந்தால் போதும் என்று பிள்ளைகளிடம் ஆளை அனுப்புவது பொறுப்பற்ற வேலை.

புதுவரவு:
அடுத்த பயம் இது. ஒரு பிள்ளை ‘யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க’ என்று கேட்டால்? சபையில் இளைஞர்கள் என்னிடம் சொன்னது எதுவும் வெளியே போனதில்லை. அந்த நம்பிக்கையால்தான் வந்தார்கள்.

ஆலோசகர் அறை:
சத்தியம் பண்ணாதீர்கள். எந்தச் சூழ்நிலையிலும். முதல் சந்திப்பிலேயே, பிள்ளை எதையும் சொல்வதற்கு முன்பே, சாதாரணக் குரலில் இப்படிச் சொல்லிவிடுங்கள்: ‘நீ சொல்றதை நான் ஊர் முழுக்கச் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னாலோ, உன்னால வேற யாருக்காவது ஆபத்துன்னாலோ, யாராவது உன்னைத் துன்புறுத்துறாங்கன்னு தெரிஞ்சாலோ, உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லுவேன்.’ இதைக் கேட்டு எழுந்து போகிற பிள்ளைகள் குறைவு. இப்படிச் சொல்வதற்காகவே, அதாவது யாராவது நிறுத்த வேண்டும் என்பதற்காகவே வருகிறவர்கள் அதிகம்.

பல நாடுகளில் இது சட்டமும்கூட. இந்தியாவின் 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். போதகர், ஆசிரியர் என்ற விலக்கு அதில் இல்லை. உள்ளே விசாரித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று பள்ளியோ சபையோ சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஒரு பிள்ளை ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரி பேசினால், ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, கேட்டது பிள்ளைக்கு ஆசுவாசமாகவே இருக்கும். ‘தற்கொலை பாவம்’ என்ற பேச்சை அந்த நேரத்தில் எடுக்கவே கூடாது, பிள்ளை அதோடு வாயை மூடிக்கொள்ளும். ஆமாம் என்று பதில் வந்தால் அந்தப் பிள்ளையைத் தனியாக விடாமல், கூடவே நடந்து ஆலோசகர் அறைக்கு வாருங்கள். ‘போய்ப் பார்’ என்று அனுப்ப வேண்டாம்.

சட்டம் படிப்பவள்:
கத்தோலிக்கக் குருக்கள் சேப்ளினாக இருக்கும் பள்ளிகளில் ஒரு சிக்கல் கூடுதல். 1983 திருச்சபைச் சட்டத்தின் 983-வது விதிப்படி பாவசங்கீர்த்தன ரகசியத்தை, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது சொன்னதை, எக்காரணம் கொண்டும் மீறக்கூடாது. ஆஸ்திரேலியாவில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகளை விசாரித்த அரச ஆணையம் 2017-ல் இறுதி அறிக்கை கொடுத்த பிறகு, விக்டோரியா, குவீன்ஸ்லாந்து மாநிலங்கள் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதையும் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் போட்டன. திருச்சபை ஏற்கவில்லை, இழுபறி நிற்கிறது. எனக்குத் தெரிந்த குருக்கள் சிலர் நடைமுறையில் செய்வது, தாங்கள் பணி செய்கிற பிள்ளைகளுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்பதில்லை. அதற்கு வெளியிலிருந்து வேறொரு குருவை வரச் சொல்லிவிடுகிறார்கள். அறையில் நடப்பது சாதாரணப் பேச்சா, பாவசங்கீர்த்தனமா என்ற குழப்பம் பிள்ளைக்கு வராது.

நெறியாளர்:
ஒரு வேண்டுகோள். சொந்தப் பள்ளியில் நடந்ததை எழுதும்போது பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுத வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன், எழுதியவர்களுக்குத் தனிச் செய்தி போயிருக்கிறது.

கணக்கு டீச்சர்:
ஒரு மாணவர் இறந்துபோனால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லையே. சேப்ளினின் அருமை எங்களுக்குத் தெரிகிறது அன்றைக்குத்தான்.

பழைய மணி:
எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன், கை வரவில்லை.

முதல் வேலை, செய்தியை யார் சொல்வது என்பது. ஒலிபெருக்கியில் மொத்தப் பள்ளிக்கும் அறிவிக்க விடாதீர்கள். வகுப்பு வகுப்பாக, அவர்களுக்குப் பழகிய ஆசிரியர் சொல்ல வேண்டும். ஆசிரியருக்குக் குரல் உடைந்தால் தொடர்ந்து சொல்ல நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ‘இறந்துவிட்டான்’ என்ற சொல்லையே சொல்லுங்கள். சின்ன வகுப்புகளில் ‘தூங்கிவிட்டான்’, ‘கடவுள் கூப்பிட்டுக்கொண்டார்’ என்று சொன்னால் அன்றிரவு பாதிப் பிள்ளைகள் தூங்கப் பயப்படும், மீதி ‘என்னையும் கூப்பிடுவாரா’ என்று கேட்கும். தற்கொலை என்றால் எப்படி என்பதைச் சொல்லவே கூடாது, வீரக்கதை ஆக்கவும் கூடாது.

அடுத்தது இறந்துபோன பிள்ளையின் மேசை. பெரியவர்களுக்கு அதைப் பார்க்க முடியாது, அன்றைக்கே தூக்கிவிடத் துடிப்பார்கள். விடாதீர்கள். மறுநாள் வரும் பிள்ளைகள் மேசையையும் காணோம் என்றால், இங்கே ஒருவன் போனால் இரவோடு இரவாகத் துடைத்துவிடுவார்கள் என்று படித்துக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம் என்று வகுப்பையே கேளுங்கள். நான் பார்த்த ஒரு வகுப்பு, மேசையை ஜன்னல் ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டது. அதன்மேல் பொது அகராதியும் வண்ணப் பென்சில்களும். ஆண்டு முடியும்வரை அது அங்கேயே இருந்தது, எல்லாரும் பயன்படுத்தினார்கள்.

சிரிக்கிற பிள்ளைகளைத் திட்டாதீர்கள். பிள்ளைகள் துக்கத்தில் குதித்துக் குதித்து இறங்கி ஏறுவார்கள், பத்து நிமிடம் அழுவார்கள், அப்புறம் பந்து விளையாடுவார்கள். அதுதான் அவர்கள் வழி.

பைபிளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து துடித்த யோபுவின் நண்பர்களைப் பற்றி எல்லாரும் கெட்டதாகவே பேசுகிறோம். ஏழு நாள், ஏழு இரவு தரையில் அவனோடு உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்கள் அருமையான சேப்ளின்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது.

முன்னாள் மாணவி:
யோபு கதை தெரியாது. தேடிப் படிக்கிறேன்.

ஆலோசகர் அறை:
சேப்ளின்களிடம் நான் பார்க்கிற ஒரு ஆபத்து: ஓய்வு எடுப்பதைப் பாவம் என்று நினைப்பது. ‘ஊழியம்’ என்று பெயர் வைத்துவிட்டால் ராத்திரி பதினோரு மணிக்கும் போனை எடுக்க வேண்டும் என்று ஆகிவிடுகிறது. எங்களுக்கு மாதம் ஒருமுறை மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து வேலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று விதி இருக்கிறது. சேப்ளின்களில் நிறையப் பேருக்கு அது இல்லை, ‘ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன்’ என்கிறார்கள். அவரிடமும் சொல்லுங்கள், ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். மாணவர்களுக்குச் சொந்த எண்ணைக் கொடுக்கவே வேண்டாம், அது அவர்கள் பாதுகாப்புக்கும்தான்.

பிறை:
இதற்கு உங்கள் வேதத்திலேயே ஆள் உண்டே. எலியா. எங்களுக்கு இல்யாஸ் நபி. பைபிளில் அவர் சாக வேண்டும் என்று கேட்டுச் செடி நிழலில் படுத்துக்கொள்கிறார். வந்த தூதர் உபதேசம் எதுவும் பண்ணவில்லை. எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார், மறுபடி தூங்க விடுகிறார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார். பேச்சுவார்த்தையெல்லாம் அதற்கு ரொம்ப நாள் கழித்து. மனம் உடைந்து வருகிற பிள்ளையிடம் காலையில் சாப்பிட்டாயா என்று கேட்க நான் கற்றது அங்கேதான்.

புதுவரவு:
எல்லாருக்கும் நன்றி. வேலையை ஏற்றுக்கொள்வதாக இருக்கிறேன். கையெழுத்துப் போடும் முன் முதல்வரிடம் எழுத்தில் கேட்க நினைப்பவை: எனக்கு மேலே யார், ஆபத்து என்று தெரிந்தால் முதலில் யாரிடம் சொல்வது, என்னோடு பேசலாமா என்று பெற்றோரிடம் ஒப்புதல் வாங்குவது யார், பிள்ளை தானாக வந்தால் அது எப்படி, நான் எழுதும் குறிப்புகளை யார் பார்க்கலாம், பயிற்சிக்கும் மூத்தவரோடு பேசுவதற்கும் வேலை நேரத்திலேயே இடம் உண்டா. ஜெபம் பிள்ளை கேட்டால் மட்டும் என்பதையும் நானே எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஏதாவது விட்டுப்போயிற்றா?

மறுப்பாளன்:
என் பிள்ளை உங்களிடம் பேச வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்தால் அதற்கு மதிப்பு உண்டா என்பதையும் கேளுங்கள். 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14-வது பிரிவு பிள்ளையின் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் சொல்கிறது, பெற்றோரின் வழிகாட்டும் உரிமையையும் சொல்கிறது. இரண்டும் மோதினால் உங்கள் பள்ளி என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை ஆபத்தில் இருந்தால் என் கையெழுத்தைப் பார்க்க வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு டீச்சர்:
அறையைக் கேட்க மறந்துவிட்டாய். கதவில் கண்ணாடி இருக்க வேண்டும், அலுவலகத்தைத் தாண்டிப் போகிற வழியாக இருக்கக் கூடாது. அப்புறம் திங்கட்கிழமை காலை கட்டாயம் வேலை நாளாக வேண்டும் என்று கேள். சனி ஞாயிறு வீட்டில் நடந்தது எல்லாம் முதல் பாடவேளையில் வயிற்றுவலியாகத்தான் எங்களிடம் வருகிறது.